மூவுலகில் ஒரு நாள்: கேளிக்கைப் பூங்காக்களும் நட்பின் வரலாறும்

முன்னுரை

'நண்பர்களுடன் கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள்' என்னும் தலைப்பு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைகளுக்குப் புதியதன்று. மாணவர் பலர் இத்தகைய தலைப்பில் கட்டுரை வரைந்திருப்பர். ஆசிரியர் பலர் திருத்தியிருப்பர். விடியற்காலையில் எழுதல், பேருந்தில் ஏறுதல், நுழைவுச்சீட்டு வாங்குதல், ராட்டினத்தில் அஞ்சுதல், உணவைப் பகிர்ந்துண்ணுதல், களைப்புடன் வீடு திரும்புதல் என அக்கட்டுரைகளின் போக்கு ஏறத்தாழ ஒரே அச்சில் அமைந்திருக்கும். எக்காலத்துக்கும் பொதுவானதோர் அனுபவம் போலவே நாமும் அதனைக் கருதி வந்துள்ளோம்.

ஆயின், உழைத்து வாழ்வோர்க்கு அத்தகைய ஒரு நாள் வாய்க்க வேண்டுமெனில் ஓய்வு நேரம், கையில் சிறிது பணம், போக்குவரத்து, இரவைப் பகலாக்கும் விளக்கு, யாவரும் நுழையத்தக்க வாயில் ஆகிய ஐந்தும் ஒருங்கே கூட வேண்டும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இவை கூடிவந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். இவ்வகையில், பூங்காவில் கழியும் ஒரு நாளுக்கும் வரலாறு உண்டு. பூங்காவின் அமைப்பும் கட்டண முறையும் மாறியபோது, அங்கு 'நண்பர்' என்ற சொல் யாரைக் குறித்தது என்பதும் மாறியது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

கேளிக்கைப் பூங்கா, கருப்பொருள் பூங்கா என்னும் இரு சொற்களும் இன்று ஒன்றற்கு ஒன்று மாற்றாக வழங்குகின்றன. வரலாற்று நோக்கில் இவை வேறானவை. பலவகை ஆட்டங்களும் கடைகளும் அரங்குகளும் ஒரே வளாகத்தில் கூடியிருப்பது கேளிக்கைப் பூங்கா. ஒரு கதையையோ ஒரு காலத்தையோ மையமாகக் கொண்டு முழு வளாகமும் வடிவமைக்கப்படுவது கருப்பொருள் பூங்கா. பின்னதற்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுவது 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து ஆகும்.

பஞ்சு நூற்கும் கருவிக்கு வழங்கிய 'ராட்டினம்' என்ற சொல்லே, சுழன்று ஏறி இறங்கும் விளையாட்டுப் பொறிக்கும் பெயராயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உழைப்பின் சொல் களிப்பின் சொல்லான இம்மாற்றம், உழைப்பாளியின் ஓய்வைப் பற்றிய இவ்வாய்வுக்கும் பொருந்துவதாகும்.

மூன்று உலகங்கள்

தமிழ் மரபில் மூவுலகம் என்பது விண், மண், பாதலம் என்பவற்றைக் குறிக்கும். சிங்கப்பூரின் முதியோர்க்கு மூவுலகம் என்பது வேறு. 1923இல் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் சகோதரர்கள் ஜாலான் புசார் வட்டாரத்தில் 'நியூ வேர்ல்ட்' பூங்காவைத் தொடங்கினர். 1930களின் தொடக்கத்தில் கிம் செங் சாலையில் 'கிரேட் வேர்ல்ட்' எழுந்தது. 1937இல் கேலாங்கில் 'ஹேப்பி வேர்ல்ட்' திறக்கப்பட்டது. இது பின்னர் 'கே வேர்ல்ட்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. முன்னைய இரு பெயர்களும் ஷாங்காய் நகரில் 1915இலும் 1917இலும் தோன்றிய பூங்காக்களின் பெயர்களை நினைவூட்டுவன. எனவே, இப்பூங்காக்களை மேலை நாட்டு இறக்குமதி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஆசியத் துறைமுக நகரங்களுக்கிடையே நிலவிய பரிமாற்றத்தின் விளைவாகவும் இவற்றைக் கொள்ள வேண்டும்.

கோலாலம்பூரிலும் இதே வகையில் புக்கிட் பிந்தாங் பூங்கா இயங்கியது. ராட்டினங்கள், திரையரங்குகள், பங்சாவான் நாடக மேடை, சீன இசை நாடகம், குத்துச்சண்டை, மற்போர், ரோங்கெங், ஜோகெட் நடன மேடைகள், உணவுக் கடைகள் ஆகியன இவ்வகைப் பூங்காக்களின் பொதுக்கூறுகள். கிங்காங், தாரா சிங் போன்ற மல்லர்களின் பெயர்கள் சிங்கப்பூர், மலாயா முதியோரின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தன.

பத்துக் காசும் நாட்கூலியும்

1930களில் நியூ வேர்ல்ட் பூங்காவின் நுழைவுக் கட்டணம் 10 காசு. இத்தொகையின் மதிப்பை அக்காலக் கூலியோடு ஒப்பிட்டே உணர இயலும். மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு 1928இல் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் 1930இல் இது முறையே 40, 32 காசாகக் குறைக்கப்பட்டது. மேலும் குறைந்து 1932இல் 28, 24 காசாயிற்று. நகரக் கூலி இதனின்று வேறுபட்டதெனினும், அக்கால உழைப்பாளிக்கு 10 காசு என்பது சிறுதொகையன்று என்பதும், எட்டாத தொகையுமன்று என்பதும் இவ்வொப்பீட்டால் புலனாகும்.

வாயிலைக் கடந்தபின் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் இருந்தது. நடன மேடையில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு. நாடகத்துக்கு வேறொரு சீட்டு. காசில்லாதவர் சுற்றிப் பார்க்கலாம், விளக்கொளியில் உலவலாம், மேடையின் ஓசையை வெளியே நின்று கேட்கலாம். மாலையில் வந்து விரும்பியபோது திரும்பலாம். முன்னேற்பாடு வேண்டாத இவ்வியல்பே 'உலகங்களின்' தனித்தன்மை எனலாம்.

தோட்டத் தமிழர்க்கு இதுவும் எளிதாக வாய்த்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்க்கு நகரம் தொலைவில் இருந்தது. அவர்தம் கேளிக்கை கோயில் திருவிழாவிலும் காமன் கூத்திலும் அமைந்தது. போருக்குப் பின்னர்த் தோட்டத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களும் அதனோடு சேர்ந்தன. தைப்பூசத்தின்போது பத்துமலை அடிவாரத்தில் கூடும் அங்காடிகளே பலர்க்கு முதற் கேளிக்கைப் பூங்காவாக அமைந்தன எனின் மிகையாகாது. நகரத் தமிழரின் நிலை வேறு. நியூ வேர்ல்ட், தமிழர் செறிந்து வாழ்ந்த சிராங்கூன் சாலை வட்டாரத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் இருந்தது.

ஒரே வாயில், பல அரங்குகள்

ஜே. எஸ். பர்னிவால் 1948இல் வெளியிட்ட நூலில், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட தென்கிழக்காசியாவைப் பன்மைச் சமுதாயம் என வருணித்தார். பல இனத்தார் அருகருகே வாழ்ந்தும் சந்தையில் மட்டுமே சந்தித்துக் கொள்கின்றனர் என்பது அவர்தம் கருத்து. கேளிக்கைப் பூங்காவும் ஒரு சந்தையே. அங்கு விற்கப்பட்டது களிப்பு. ஆயினும், அரிசிச் சந்தையில் நிகழாத ஒன்று இங்கு நிகழ்ந்தது. மொழிவாரியாக அரங்குகள் பிரிந்திருந்தபோதும் வாயிலும் நடைபாதையும் உணவுக் கடையும் பொதுவாக இருந்தன. ஓர் இனத்தாரின் இசை மற்றோர் இனத்தாரின் செவியில் விழுந்தது.

மேடைக் கலைகளே இக்கலப்புக்குச் சான்றாகும். பங்சாவான் நாடகம் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் பினாங்கில் தோன்றியது. 1885இல் அங்கு முதற் குழுவை அமைத்த மாமாக் புஷி, ஜாவி பெரானாக்கான் சமூகத்தவர். பூங்காக்களில் பங்கு கொண்டிருந்த ஷா சகோதரர்கள் 1947 முதல் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த மலாய்ப் படங்களை பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் போன்ற இந்திய இயக்குநர்கள் உருவாக்கினர். மலாய் நடிகர், சீன முதலாளி, இந்திய இயக்குநர் என அமைந்த அக்கலையை ஒரே பூங்காவின் திரையரங்கில் பல இனத்தார் கண்டு மகிழ்ந்தனர்.

இதனைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் முறையன்று. நடன மேடைப் பெண்கள் ஆட்டக் கணக்கில் ஊதியம் பெற்ற உழைப்பாளிகள். பிறர் களிப்பே அவர்தம் பணி. ஜப்பானியர் ஆட்சியில் (1942-1945) இப்பூங்காக்கள் சூதாட்டக் களங்களாயின. வந்து சென்றோருள் ஆண்களுக்கு இருந்த உரிமை பெண்களுக்கு இருந்ததெனக் கூற இயலாது. 'நண்பர்களுடன் ஒரு நாள்' என்பது பெரிதும் ஆண் நண்பர்களின் மாலையாகவே இருந்தது.

உலகங்களின் மறைவு

இப்பூங்காக்கள் மறைந்ததற்குக் காரணங்கள் பல. சிங்கப்பூரில் 1963இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. களிப்பு வீட்டுக்குள் புகுந்தது. 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களைப் புதிய நகர்களில் குடியமர்த்தியது. பழைய நகரத்தில் அண்டை அயலாய் இருந்தோர் பிரிந்தனர். குளிரூட்டப்பட்ட பேரங்காடிகள் உலவும் இடங்களாயின. நிலத்தின் விலை உயர்ந்தது.

கிரேட் வேர்ல்ட் 1978இலும் நியூ வேர்ல்ட் 1987இலும் மூடப்பட்டன. ஹேப்பி வேர்ல்ட் பூங்காவின் உள்ளரங்கம் 2001இல் இடிக்கப்பட்டது. புக்கிட் பிந்தாங் பூங்கா 1972இல் மூடப்பட்டு, அந்நிலத்தில் 1977இல் சுங்கை வாங் பிளாசா திறக்கப்பட்டது. கிம் செங் சாலையில் 1997இலும் நியூ வேர்ல்ட் நிலத்தில் 2009இலும் வணிக வளாகங்கள் திறக்கப்பட்டன. உலவுதற்கான இடம் வாங்குதற்கான இடமாயிற்று என இம்மாற்றத்தைச் சுருக்கிக் கூறலாம்.

ஒரே சீட்டில் ஒரு நாள்

இவற்றின் இடத்தைப் பிடித்த புதிய பூங்காக்கள் நகர நடுவில் எழவில்லை. கெந்திங் மலையில் 1971இல் தங்கும் விடுதி திறக்கப்பட்டு, காலப்போக்கில் பூங்காவும் வளர்ந்தது. அதன் வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டு, 2022இல் புதிய கருப்பொருள் பூங்கா திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் 1993இல் சன்வே லகூன் உருவானது. 'இறப்புக்குப் பின்னால்' எனப் பொருள்படும் பிளாக்காங் மாத்தி என்ற பெயரால் அறியப்பட்ட தீவு செந்தோசா எனப் பெயர் பெற்று 1972 முதல் சுற்றுலாத் தலமாக வளர்க்கப்பட்டது. அங்கு 2010இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாயில் திறந்தது.

இவற்றின் அடிப்படை, ஒரே சீட்டில் நாள் முழுதும் என்பதாகும். இது இயல்பாக வந்ததன்று. டிஸ்னிலாந்திலேயே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிச்சீட்டு வழங்கும் முறைதான் 1982 வரை இருந்தது. ஒற்றைச் சீட்டினால் பயன் உண்டு. உள்ளே சென்றபின் எல்லார்க்கும் எல்லாம் உரியது; காசுள்ள நண்பன் ஏற, இல்லாத நண்பன் கீழே நிற்கும் நிலை இல்லை. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி உலவ இயலும். ஆனால் வேறுபாடு மறையவில்லை; உள்ளிருந்து வாயிலுக்கு வந்துவிட்டது.

2010இல் யுனிவர்சல் ஸ்டூடியோசின் வார நாள் கட்டணம் பெரியவர்க்கு 66 வெள்ளி. சிங்கப்பூரில் 2014இல் துப்புரவுத் தொழிலாளர்க்கு வரையறுக்கப்பட்ட தொடக்க மாத ஊதியம் 1,000 வெள்ளி. 26 வேலை நாள் எனக் கொண்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 38 வெள்ளி. அன்று நாட்கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து வாயிலைக் கடந்த உழைப்பாளியின் வழித்தோன்றல், இக்கணக்கின்படி ஏறத்தாழ இரண்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டங்களின் கட்டணம் இதனுள் அடங்கும் என்பது உண்மையே; எனினும் வெறுங்கையோடு உலவும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

இதனால் தோழமையின் தன்மையும் மாறியது. கட்டணம் மிகுதி, தொலைவும் மிகுதி. எனவே, நாள் குறித்து, ஆள் சேர்த்து, பணம் திரட்டிச் செல்ல வேண்டியுள்ளது. முன்னரே நண்பரானோர் ஒரு குழுவாகச் சென்று, குழுவாகவே வரிசையில் நின்று, குழுவாகவே திரும்புகின்றனர். பழைய 'உலகங்களில்' நட்பு உள்ளே தோன்றவும் இடமிருந்தது. புதிய பூங்காக்களில் நட்பு வெளியே உருவாகி உள்ளே கொண்டாடப்படுகின்றது.

எழுதப்படாத பக்கம்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதிய நாம் கோயில், பள்ளி, தொழிற்சங்கம், இதழ், இயக்கம் ஆகியவற்றைக் குறித்துப் பெரிதும் எழுதியுள்ளோம். அது தேவையான பணி. ஆயின், அவ்வரலாற்றில் தமிழன் உழைக்கிறான், போராடுகிறான், வழிபடுகிறான். சிரிப்பதை அரிதாகவே காண்கிறோம். வியர்வையை மட்டும் பதிவு செய்யும் வரலாறு, உழைத்தவரை முழு மனிதராகக் காட்டாது.

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுத் திட்டம் இவ்வகை நினைவுகளைப் பதிவு செய்ய வழிவகுத்தது. ஆனால், போருக்கு முன் பத்துக் காசு கொடுத்து நுழைந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. 1950களிலும் 1960களிலும் அங்கு உலவியோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களிடம் கேட்பதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.

முடிவுரை

'நண்பர்களுடன் கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள்' என்ற தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு இன்னொரு பணியையும் ஆசிரியர் சேர்த்தளிக்கலாம். தாத்தாவோ பாட்டியோ இளமையில் எங்குச் சென்றார், யாருடன் சென்றார், எவ்வளவு கொடுத்தார், யார் அவரைப் போகவிடவில்லை என நான்கு வினாக்களை மாணவர் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். பாட்டி, 'நான் போனதே இல்லை' என விடையிறுத்தால் அதுவும் வரலாறே. வகுப்பறைக்கு அது ஒரு கட்டுரைப் பயிற்சி. நம் சமூகத்துக்கோ எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தின் தொடக்கமாகும்.