சுங்கானின் கிண்ணம்

சுங்கான் பிடிக்கும் இரசிகர், பிரான்சின் சென் குளோட் நகரிற் கடைந்த பிரையர் வேர்ச் சுங்கானையும், துருக்கியின் எஸ்கிசேகிர் வெண்கல்லிற் செதுக்கியதையும் ஒப்புநோக்குவர்; வேர்ஜீனியா இலையோடு சிரியாவின் லத்தாக்கியாவை எவ்வளவு கலப்பதென நெடுநேரம் வாதிடுவர். சுவையான ஆராய்ச்சிதான். ஆயினும் புகையிலையின் வரலாற்றைக் கூறுவது அவற்றினும் எளியதொரு பொருள்: இங்கிலாந்தில் மக்கள் புகைத்து எறிந்த களிமண் சுங்கான்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கிண்ணம் மிகச் சிறியது. புகையிலை அத்துணை விலை. 1604 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன், இறாத்தலுக்கு 2 பென்ஸாயிருந்த வரியை 6 சிலிங் 10 பென்ஸாக உயர்த்தினான். (புகையை வெறுத்து நூலெழுதிய மன்னன் அதன் வருவாயை வெறுக்கவில்லை!) 1612 அளவில் ஜோன் றொல்ஃப் வேர்ஜீனியாவிற் புகையிலை பயிரிட்டார். 1619 இல் ஆபிரிக்கர் அங்கு கொணர்ந்து விற்கப்பட்டனர். தோட்டங்கள் பெருகின. முதலில் ஒப்பந்தத்தாற் கட்டுண்ட ஆங்கில ஏழைகளும், நூற்றாண்டின் இறுதியில் மிகுதியும் அடிமைப்பட்ட ஆபிரிக்கருமே அங்கு உழைத்தனர். மண்வளம் மட்டும் செய்த அற்புதமன்று இது. விலை வீழ்ந்தது, கிண்ணம் பருத்தது.

அக்கிண்ணத்தின் வடிவையும் பருமனையும் கொண்டே தொல்பொருளாய்வாளர் உடைந்த சுங்கானின் காலத்தைக் கணிக்கின்றனர். தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் அத்துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன.