நீர்விளையாட்டில் சிறுவர் பல் காயம்: வரதய்யபாளையம் அருவிப் பகுதி

அருவி, குளம், நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, படகு போன்ற இடங்களில் விளையாடும் சிறுவர்களுக்குப் பல், ஈறு, உதடு, தாடை எலும்பு ஆகியவற்றில் படும் அடியே நீர்விளையாட்டுப் பல் காயம். மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன. பல் எடுப்பாக இருந்து உதடு முழுதும் மூடாத குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

வரதய்யபாளையம் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள மண்டலம். 2022 ஏப்ரல் 4இல் அம்மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தடாவிலிருந்து காளத்திக்குப் போகும் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. சென்னைக்காரர்கள் ‘தடா அருவி’ என்று சொல்லும் உப்பலமடுகு அருவிக்கும் இவ்வழியாகத்தான் போக வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் காட்டுப் பாதை. வழியெங்கும் ஓடை, வழுக்குப் பாறை, மடு. இத்தகைய இடங்களில் சிறுவர்கள் பாசியில் கால் வழுக்கி முகம் குப்புற விழுகிறார்கள். ஆழம் தெரியாத மடுவில் தலைகீழாகக் குதிக்கிறார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் வாயில் இடிக்கிறது. காளத்தி, சூளூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களில் பல் மருத்துவர்கள் உண்டு. ஆனால் காட்டுப் பாதையில் இறங்கி வண்டி ஏறுவதற்குள்ளேயே பொன்னான நேரம் கழிந்துவிடும். விழுந்த பல்லைப் பிழைக்க வைப்பதும் இழப்பதும் பெரும்பாலும் அந்தப் பாறையில் நிற்கும் பெற்றோர், உறவினர், ஆசிரியர் கையில் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிச் செல்லும் எவரும் கீழே உள்ள முதலுதவியைத் தெரிந்துகொள்ளாமல் புறப்படக் கூடாது.

பல்லுக்கு முன் உயிர்

வாயில் இரத்தத்தைக் கண்டதும் எல்லோர் கண்ணும் பல்லுக்கே போகும். முதலில் கவனிக்க வேண்டியவை மூச்சும் தலையும் கழுத்தும்தான். குழந்தை மயங்கியிருந்தால், வாந்தி எடுத்தால், பிதற்றினால், பார்வை இரட்டையாகத் தெரிவதாகச் சொன்னால், கழுத்து வலித்தால் பல்லை மறந்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். ஆந்திரம், தமிழ்நாடு இரண்டிலும் அதே எண்தான். தலைகீழாகக் குதித்து அடிபட்ட பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது கழுத்து திரும்பாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மற்றபடி சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் இரத்தம் நிற்கும். உதட்டு வீக்கத்துக்கு ஈரத்துணி ஒத்தடம் போதும். வீட்டு வழக்கப்படி காப்பித்தூளோ மஞ்சளோ அப்பக் கூடாது. காயத்தைத் துப்புரவு செய்வது பிறகு கடினமாகிவிடும். காணாமல்போன பல்லையும் உடைந்த துண்டையும் தேடிப் பார்ப்பது அவசியம். அவை நீரோடு போயிருக்கலாம், உதட்டுச் சதைக்குள் புதைந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கவும் கூடும். கிடைக்காவிட்டால், குறிப்பாகக் குழந்தைக்கு இருமல் இருந்தால், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பால் பல்லா, நிலைப்பல்லா?

பால் பல் அடிபட்டு முழுதாக விழுந்துவிட்டால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. பொருத்தினால் அதற்கு மேலே தாடைக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளைக்குச் சேதம் வரலாம். மேல் நடுப்பற்கள் சுமார் 7, 8 வயதில் நிலைப்பல்லாக முளைக்கின்றன. ஆகவே நான்கு வயதுப் பிள்ளைக்கு விழுந்தது பால் பல், பத்து வயதுப் பிள்ளைக்கு விழுந்தது நிலைப்பல் என்று கொள்ளலாம். இடைப்பட்ட வயதில்தான் குழப்பம். நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சளானது, புதிதாக முளைத்ததென்றால் விளிம்பு ரம்பம்போல் இருக்கும். வேர் நீளமாக இருக்கிறதே என்பதை மட்டும் வைத்து நிலைப்பல் என்று முடிவுசெய்யக் கூடாது. தானாக ஆடி விழும் பால் பல்லுக்கு வேர் கரைந்திருக்கும், அடிபட்டு விழும் பால் பல்லுக்கு வேர் இருக்கும். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நிலைப்பல்லை அப்படி எறிவது, காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு பல்லை இழப்பது.

முழுதாக விழுந்த நிலைப்பல்

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று உண்டு. பல்லைத் தாடை எலும்போடு பிணைப்பது அதுவே. பல் விழும்போது அந்தப் படலத்தின் உயிரணுக்களில் பல வேரில் ஒட்டியபடியே வந்துவிடுகின்றன. அவை உயிரோடு இருந்தால் பல் மறுபடி பற்றிக்கொள்ளும். இறந்தால் எலும்பு வேரை மெல்ல மெல்லத் தின்றுவிடும். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசனும் உடன் ஆய்வாளரும் 1966இல் 110 பற்களை ஆராய்ந்து எழுதினார்கள்: அரை மணி நேரத்துக்குள் பொருத்தியவற்றில் 90 சதவீதத்தில் வேர்க் கரைவு தென்படவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் 95 சதவீதத்தில் தென்பட்டது. காற்றில் உலர்ந்து ஒரு மணி நேரம் ஆனால் அந்த உயிரணுக்கள் அநேகமாகப் பிழைப்பதில்லை.

அதனால் அடிபட்ட இடத்திலேயே பொருத்துவதுதான் சிறந்த வைத்தியம். பல்லின் வெண்மைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரை விரலால் தொடவோ தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ மருந்துக்கடை சலைனிலோ குழந்தையின் எச்சிலிலோ மெல்ல அலசலாம். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்புறம் எது என்று உறுதிசெய்துகொண்டு, குழிக்குள் மெதுவாக அழுத்தி வைத்து, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பெற்றவர்களுக்கு இதைச் செய்யக் கை நடுங்கும். ஆனாலும் அடிபட்ட உடனே ஈறு மரத்திருப்பதால் பல குழந்தைகள் தாங்கிக்கொள்கின்றன. மயங்கியிருக்கும் குழந்தைக்கும், கடுமையான இதய நோயோ நோயெதிர்ப்புக் குறைபாடோ உள்ள குழந்தைக்கும் இப்படிச் செய்யக் கூடாது.

பொருத்த முடியாவிட்டால் பல்லை எதில் வைப்பது? அருவிக்கரையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தண்ணீர். பல்லுக்கு அது மோசமான இடம்: உப்புச் செறிவு குறைந்த நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கி வெடிக்க வைக்கிறது. காய விடுவதைவிடத் தண்ணீர் மேல், அவ்வளவுதான். பால் நல்லது, ஆனால் காட்டுப் பாதையில் பாலுக்கு எங்கே போவது? 2020இல் வெளியான பன்னாட்டு முதலுதவிப் பரிந்துரை, ஓ.ஆர்.எஸ். கரைசலையும் சமையலறை பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றிவைப்பதையும் ஏற்கிறது. பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று இருந்தால், உறையில் சொன்ன அளவு குடிநீரில் கரைத்துப் பல்லைப் போட்டு வைக்கலாம். வெயிலில் சோர்ந்த பிள்ளைக்கும் அதுவே உதவும். எதுவும் இல்லையென்றால் குழந்தையைத் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் வைக்கலாம்.

சாலையோரம் எங்கும் கிடைக்கும் இளநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இளநீர் பாலைவிட நன்றாக உயிரணுக்களைக் காத்தது. பிறகு வந்த சில ஆய்வுகள் இளநீரின் புளிப்புத்தன்மையைக் காட்டி மாறான முடிவைச் சொன்னன. பன்னாட்டுப் பல் காயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டியில் இளநீர் இடம்பெறவில்லை. பாலும் ஓ.ஆர்.எஸ்ஸும் கிடைக்கும்போது இளநீரை நாட வேண்டியதில்லை.

உடைந்ததும் நகர்ந்ததும்

உடைந்த துண்டைக் கொண்டுபோனால் மருத்துவர் அதையே ஒட்டிவிட முடியும். துண்டைத் தண்ணீரிலேயே கொண்டுபோகலாம். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பல்லின் நரம்பு வெளிப்பட்டிருக்கிறது. அன்றே மருத்துவரிடம் காட்டினால், வளரும் பல்லில் நரம்பின் மேற்பகுதியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்றலாம்; பல் மருத்துவர் சுவெக் 1978இல் விவரித்த முறை இது. ஈறுக்குள் புதைந்த பால் பல்லைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுவார்கள். பல மாதங்களில் அது தானே இறங்கிவரும்.

சிகிச்சையும் கண்காணிப்பும்

பொருத்திய பல்லை மருத்துவர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் கட்டிவைப்பார். நோய்நுண்ணுயிர்க் கொல்லி மருந்து தருவார், டெட்டனஸ் தடுப்பூசி விவரம் கேட்பார். ஓடைச் சேறு பட்ட காயத்தில் இது முக்கியம். வேர் முனை மூடிய பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் முனை திறந்திருப்பதால் இரத்த ஓட்டம் தானே திரும்ப வாய்ப்பு உண்டு. அதற்காகக் காத்திருந்து கவனிப்பார்கள். கட்டு இருக்கும்வரை குழைந்த சோறு, மென்மையான பிரஷ், குளோரெக்சிடின் கொப்பளிப்பு.

சிக்கலின்றி ஆறியதுபோல் தோன்றினாலும் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேர் கரையலாம். ஆகவே ஐந்து ஆண்டுகளாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்போடு ஒட்டிப்போன பல், தாடை வளர வளர மற்ற பற்களின் மட்டத்துக்கு வராமல் குட்டையாகத் தெரியும். பல்லை இழந்துவிட்ட குழந்தைக்குத் தாடை வளர்ச்சி முடியும்வரை இம்ப்ளான்ட் வைக்க முடியாது. அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ ஒட்டுப் பாலமோதான் வழி.