பெயரில்தான் கான்ஸ்டபிள்: ரெண்டு சஸ்பென்ஷன்களின் கதை

எங்க பெரியப்பா போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தவர். அவருக்கு ஒரு தியரி உண்டு. "அதிகாரி மாறினா ஊருக்கு ஒண்ணும் ஆகாதுடா. பெயர்ப் பலகைக்கு பெயிண்ட் அடிக்கிறவனுக்குத்தான் வேலை" என்பார். எஸ்.பி. மாற்றம், டிஜிபி மாற்றம், இன்னார் காத்திருப்போர் பட்டியலில் என்று பேப்பரில் செய்தி வந்தால், நாலு விரலில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் படிப்பார். படித்துவிட்டு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

அவர் ஒருமுறை சஸ்பெண்ட் ஆனவர். ஆறு மாசம் வீட்டில் இருந்தார். பிழைப்பூதியத்தில் குடும்பம் ஓடியது. அப்புறம் ஒருநாள் வேலைக்கு வரச்சொல்லி ஆர்டர் வந்தது. எதுக்கு அனுப்பினாங்க, எதுக்குக் கூப்பிட்டாங்க என்று கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. "அடிச்சது கூட வலிக்கலைடா, எதுக்குன்னு சொல்லாம அடிச்சாங்க பாரு" என்பார். இப்ப அவர் இல்லை. ஆனா அந்த வாக்கியம் மட்டும் என்கிட்டயே தங்கிடுச்சு.

சமீபத்தில் பழைய பிரிட்டிஷ் போலீஸ் வரலாறு கொஞ்சம் படிக்க நேர்ந்தது. அங்கே ஒரு பெரிய அதிகாரி, கிட்டத்தட்ட எங்க பெரியப்பா சொன்ன அதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்டின் உச்ச மன்றம் வரை போயிருக்கிறார். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். இங்கிலாந்தில் 'சீஃப் கான்ஸ்டபிள்' என்றால் நம்ம ஊர் ஏட்டய்யா இல்லை. ஒரு ஊர் அல்லது மாவட்டப் போலீஸ் படைக்கே தலைவர். பெயரில்தான் கான்ஸ்டபிள், கெத்தில் கமிஷனர் :-)

இவரை யார் நியமிப்பது, யார் சஸ்பெண்ட் செய்வது? லண்டன் மாநகரப் போலீஸ் 1829-இல் ஆரம்பித்தபோதே உள்துறை அமைச்சரின் கைக்குள் போய்விட்டது. மற்ற நகரங்களில் கதை வேறு. 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி, ஒவ்வொரு நகராட்சியும் தன் உறுப்பினர்களைக் கொண்டு ஒரு 'வாட்ச் கமிட்டி' அமைக்கவேண்டும். போலீஸை வேலைக்கு எடுப்பது, தண்டிப்பது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அந்தக் கமிட்டிதான். அதாவது, நம்ம ஊர் வார்டு கவுன்சிலர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து கமிஷனரை சஸ்பெண்ட் செய்யலாம் என்ற மாதிரி. நினைச்சுப் பாருங்க!

நூறு வருஷத்துக்கு மேல் இது ஓடியது. 1950-களின் கடைசியில் ரெண்டே ரெண்டு சஸ்பென்ஷன்கள் இந்த ஏற்பாட்டை ஆட்டிவிட்டன.

முதலாவது பிரைட்டன். தென்கரையில் இருக்கும் கடலோர உல்லாச நகரம். அங்கே சார்லஸ் ரிட்ஜ் என்பவர் 1925-இல் சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1956-இல் தலைவர் ஆனார். அடுத்த வருஷம் அக்டோபரில் கைது! நீதியின் போக்கைத் தடுக்கச் சதி செய்தார் என்று குற்றச்சாட்டு. கூடவே அவருடைய துப்பறியும் பிரிவு அதிகாரிகள் ரெண்டு பேரும் மாட்டினார்கள். கைதான மறுநாளே வாட்ச் கமிட்டி அவரை சஸ்பெண்ட் செய்தது. இதில் தப்பே சொல்ல முடியாது. கைதான ஆளை நாற்காலியில் உட்கார வைத்திருக்க முடியுமா என்ன?

1958 பிப்ரவரியில் தீர்ப்பு. ரெண்டு அதிகாரிகளுக்கும் சிறை. ரிட்ஜுக்கு விடுதலை. ஆனால் நீதிபதி சும்மா விடவில்லை. கீழே இருப்பவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கவேண்டியவர் அப்படி இருக்கவில்லை என்கிற பொருளில் கடுமையாகப் பேசினார். மார்ச் 6-ஆம் தேதி இன்னொரு ஊழல் வழக்கிலும் அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் வைக்காததால் ரிட்ஜ் விடுதலை.

மறுநாள், மார்ச் 7. வாட்ச் கமிட்டி கூடியது. 1882-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: கடமையில் அலட்சியமாக இருப்பவரை, அல்லது தகுதியற்றவரை, கமிட்டி நீக்கலாம். அதை எடுத்து ரிட்ஜை டிஸ்மிஸ் செய்தார்கள். அவருக்கு நோட்டீஸ் இல்லை. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லவில்லை. வந்து பேசு என்று கூப்பிடவும் இல்லை. 1952-லேயே போலீஸ் ஒழுங்கு நடவடிக்கைக்கு முறையான விதிகள் வந்திருந்தன, அதையும் ஓரங்கட்டிவிட்டார்கள். 33 வருஷ சர்வீஸ், பென்ஷன் எல்லாம் ஒரே கூட்டத்தில் போச்சு. பதினோரு நாள் கழித்து அவருடைய வக்கீல் வந்து பேச விட்டார்கள், ஆனால் முடிவு மாறவில்லை. "டிஸ்மிஸ் வேண்டாம், நானே ராஜினாமா செய்துகொள்கிறேன், பென்ஷனாவது மிஞ்சட்டும்" என்பதுதான் அவர் பக்கக் கோரிக்கை. உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்தார். அங்கேயும் கைவிரிப்பு.

கோர்ட்டுக்குப் போனார். முதல் கோர்ட்டில் தோல்வி. ரெண்டாவது கோர்ட்டிலும் தோல்வி. இது நிர்வாக முடிவு, நீதிமன்றம் மாதிரி விசாரிக்கவேண்டிய அவசியம் கமிட்டிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்துச் சட்ட சிந்தனையே அப்படித்தான் இருந்தது. இலங்கையில் ஒரு ஜவுளி வியாபாரியின் உரிமம் ரத்தான வழக்கு 1950-இல் பிரிவி கவுன்சில் வரை போனபோதும், இதே 'நிர்வாகம் வேறு, நீதி வேறு' வாதம்தான் ஜெயித்தது.

கடைசியாகப் பிரபுக்கள் சபை. 1963 மார்ச்சில் ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் ரிட்ஜ் பக்கம். லார்டு ரீட் எழுதிய தீர்ப்பின் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: வேலைக்காரனை முதலாளி நினைத்தபோது அனுப்பலாம், அது ஒப்பந்த விவகாரம். மேலிடத்தின் விருப்பம் உள்ளவரைதான் பதவி என்று சிலருக்கு இருக்கும், அதுவும் வேறு. ஆனால் 'இன்ன தப்பு இருந்தால்தான் நீக்கலாம்' என்று சட்டம் சொல்கிற பதவி என்றால், அந்தத் தப்பு என்னவென்று ஆளிடம் சொல்லியாக வேண்டும். அவன் பதிலைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது. இலங்கை வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன வாதத்தையும் அவர் அங்கேயே தள்ளி வைத்தார்.

கவனிங்க, ரிட்ஜ் உத்தமர் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு நீக்கியிருந்தால் ஒருவேளை நீக்கம் நின்றிருக்கும். கெட்ட பேர் எடுத்த ஆளுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். நல்லவனுக்கு நியாயம் கேட்க நாலு பேர் வருவான். ரிட்ஜ் மாதிரி ஆளுக்குச் சட்டம் மட்டும்தான் வரும்.

இப்ப ரெண்டாவது ஊர், நாட்டிங்காம். இங்கே கதை தலைகீழ்.

கேப்டன் அதெல்ஸ்டன் பாப்கெஸ் 1930-லிருந்து அங்கே போலீஸ் தலைவர். வயர்லெஸ் கார்கள், தடய அறிவியல் கூடம் என்று அந்தக் காலத்திலேயே புகுந்து விளையாடியவர். 1959-இல் நகராட்சி உறுப்பினர்கள் சிலர் மேல் புகார் வருகிறது. தன் ஆட்களே விசாரித்தால் சரியாக இருக்காது என்று லண்டன் போலீஸைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். வழக்குப் போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று முடிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாட்ச் கமிட்டி, "என்ன விசாரிச்சே, எங்களுக்கு அறிக்கை கொடு" என்றது. இவர், "குற்ற விசாரணை என் பொறுப்பு, உங்களுக்குக் காட்டவேண்டிய அவசியம் இல்லை" என்றார். உடனே சஸ்பெண்ட்!

யோசிச்சுப் பாருங்க. விசாரணைக்கு உள்ளானவர்கள் உட்கார்ந்திருக்கும் அதே நகராட்சிதான், விசாரித்தவரை சஸ்பெண்ட் செய்கிறது. திருடன் கையில் சாவி என்பார்களே, அந்தக் கதை. (அவர்கள் திருடர்கள் என்று நிரூபணம் ஆகவில்லை, பழமொழிக்காகச் சொன்னேன், சண்டைக்கு வராதீங்க.)

சட்டம் யார் பக்கம் என்பதும் தெளிவாக இல்லை. 1930-இல் ஓல்டாம் நகர வழக்கு ஒன்றில், போலீஸ்காரர் நகராட்சியின் வேலையாள் அல்ல என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் கமிட்டியிடமே இருந்தது. கடைசியில் உள்துறை அமைச்சர் பட்லர் தலையிட்டு, அவரைத் திரும்ப எடுங்கள் என்று சொல்ல, கமிட்டி வேண்டாவெறுப்பாக எடுத்தது. போலீஸ் செலவில் பாதி மத்திய அரசின் மானியம் ஆச்சே, சொன்னால் கேட்காமல் முடியுமா! பாப்கெஸ் அந்த வருஷக் கடைசியிலேயே ஓய்வு பெற்றுப் போனார். வேறு சில போலீஸ் சர்ச்சைகளும் அந்த வருஷம் சேர்ந்துகொள்ள, 1960-இல் வில்லிங்க் தலைமையில் ராயல் கமிஷன் போட்டார்கள். அதன் விளைவு 1964 போலீஸ் சட்டம்.

அந்தச் சட்டத்தில் அதிகாரத்தை மூணாகப் பிரித்தார்கள். உள்ளூர் போலீஸ் ஆணையத்தில் மூன்றில் ரெண்டு பங்கு கவுன்சிலர்கள், ஒரு பங்கு மாஜிஸ்திரேட்டுகள். நியமனம் அவர்கள் செய்யலாம், ஆனால் உள்துறை அமைச்சர் ஒப்புதல் வேண்டும். ஓய்வுபெறச் சொல்லலாம், அதற்கும் ஒப்புதல் வேண்டும், அதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். அன்றாட வேலை போலீஸ் தலைவருடையது. பிரைட்டனும் நாட்டிங்காமும் சேர்ந்து எழுதின சட்டம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? எங்கே!

2002-இல் சோஹாம் என்ற ஊரில் பத்து வயசுச் சிறுமிகள் ரெண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி மேல் ஏற்கெனவே ஹம்பர்சைடு போலீஸில் புகார்கள் வந்திருந்தன. அந்தத் தகவல்களை அவர்கள் ஒழுங்காகப் பாதுகாக்கவில்லை, அவன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். 2004-இல் விசாரணை அறிக்கை வந்ததும், ஹம்பர்சைடு தலைவர் டேவிட் வெஸ்ட்வுட்டை சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று உள்துறை அமைச்சர் பிளங்கெட் உத்தரவிட்டார். உள்ளூர் ஆணையம் மாட்டேன் என்றது. அமைச்சர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். சஸ்பெண்ட் ஆனார். அடுத்த வருஷம் ஓய்வுபெற ஒப்புக்கொண்ட பிறகு வேலைக்குத் திரும்பினார். நாட்டிங்காமில் உள்ளூர்க்காரர்களிடமிருந்து போலீஸ் தலைவரை மேலிடம் காப்பாற்றியது. ஹம்பர்சைடில் மேலிடத்திடமிருந்து உள்ளூர்க்காரர்கள் காப்பாற்றப் பார்த்தார்கள். எது சரி? அந்தச் சிறுமிகளின் பெற்றோரை நினைத்தால் ஒரு பதில் வருகிறது. நாளைக்கு இன்னொரு அமைச்சர் இதே அதிகாரத்தை எதுக்குப் பயன்படுத்துவாரோ என்று நினைத்தால் இன்னொரு பதில் வருகிறது.

அப்புறம் 2012-இல் புதுசா ஒண்ணு. கமிட்டியே வேண்டாம், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு போலீஸ் ஆணையாளர் போதும், நியமனமும் சஸ்பென்ஷனும் அவர் கையில் என்றார்கள். மூணே மாசத்தில் வம்பு. 2013 பிப்ரவரியில் லிங்கன்ஷயரில் ஆணையாளர், போலீஸ் தலைவர் பொறுப்பில் இருந்தவரை சஸ்பெண்ட் செய்தார். அடுத்த மாசமே உயர் நீதிமன்றம் அதில் நியாயமே இல்லை என்று ரத்து செய்தது. 2016-இல் தெற்கு யார்க்ஷயரிலும் அதே கதை, 2017-இல் அங்கேயும் ஆணையாளர் செய்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு. இந்த ஆணையாளர் பதவியையே 2028-இல் ஒழிக்கப்போவதாக 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது.

நம்ம ஊருக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை. பிரைட்டன் கமிட்டி 1958-இல் தர மறுத்த அந்த 'உன் பக்கத்தைச் சொல்' என்ற வாய்ப்பை, 1935 இந்திய அரசுச் சட்டத்திலேயே இங்கே இருந்த அரசு ஊழியர்களுக்கு பிரிட்டிஷ்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதுதான் 1950-இல் நம் அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவாக வந்தது. ஆனால் அது டிஸ்மிஸுக்கும் பதவி இறக்கத்துக்கும்தான். டிரான்ஸ்பருக்கோ, காத்திருப்போர் பட்டியலுக்கோ, சஸ்பென்ஷனுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. பூட்டு வாசல் கதவுக்கு, போக்குவரத்து கொல்லைப்புறமா!

அந்தக் கொல்லைக் கதவைச் சாத்தப் பார்த்ததுதான் 2006 செப்டம்பரில் வந்த பிரகாஷ் சிங் தீர்ப்பு. யூபிஎஸ்சி தரும் மூன்று பேர் பட்டியலிலிருந்து டிஜிபி, குறைந்தது ரெண்டு வருஷப் பதவிக்காலம். கேரளத்தில் 2016-இல் ஆட்சி மாறியதும் டிஜிபி சென்குமார் மாற்றப்பட்டார். புற்றிங்கல் கோயில் வெடி விபத்து, ஒரு கொலை வழக்கு இவற்றால் மக்களுக்குப் போலீஸ் மேல் கடும் அதிருப்தி என்று காரணம் சொன்னது அரசு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஏப்ரலில், அந்த மாற்றம் நியாயமற்றது, அவரைத் திரும்ப அமர்த்துங்கள் என்று தீர்ப்பு. ரெண்டு மாசம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். கவுன்சிலர் கையில் கொடுத்தார்கள், கெட்டது. அமைச்சர் கையில் கொடுத்தார்கள், சந்தேகம். ஓட்டுப் போட்டு ஒருத்தர் கையில் கொடுத்தார்கள், கோர்ட் ஏறியது. சாவி யார் கையில் என்ற கேள்விக்கு நிரந்தர பதில் கிடையாது போல. ஆனா ரெண்டு விஷயம் மாறவே இல்லை. ஒண்ணு, எதுக்குன்னு சொல்லணும், பதிலைக் கேட்கணும். ரெண்டு, அந்த முடிவை இன்னொரு கண் பார்க்கணும், அந்தக் கண் முடிவு எடுத்தவனுடைய கண்ணாக இருக்கக் கூடாது. இந்த ரெண்டும் இருந்தால் போலீஸ் தலைவனை நீக்க முடியும், ஆனால் மிரட்ட முடியாது.

இன்னொண்ணையும் சொல்லணும். ரிட்ஜ், பாப்கெஸ், சென்குமார் எல்லாரும் பெரிய அதிகாரிகள். வக்கீல் வைக்க முடிந்தது, அல்லது அமைச்சரே பேச வந்தார். ஒரு ரைட்டருக்கு யார் வருவார்? ஆனால் மேலே இருக்கிறவனுக்கே காரணம் சொல்லாத ஊரில் கீழே இருக்கிறவனுக்கு எவன் சொல்லப்போறான்? அதனாலதான் டிஜிபி மாற்றச் செய்தியைப் படித்தால் இப்போதெல்லாம் எனக்கு பெரியப்பா மாதிரி சிரிப்பு வர்றதில்லை.

பெயர்ப் பலகைக்கு பெயிண்ட் அடிக்கிற விஷயத்தில் மட்டும், பெரியப்பா, நீங்க சொன்னது தப்பு.

உங்க வீட்டிலும் இப்படி 'காரணம் தெரியாத ஆர்டர்' கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம். கதை மட்டும் போதும்.