பாசிப்பாட்டம்: மீன் வருவாயில் வாழ்ந்த குளங்கள்

கீரனூரை அடுத்துள்ள குளத்தூர், தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட மூன்று தாலுகாக்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊராகும். அந்தச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948இல் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, பின்னர் 1974 ஜனவரி 14இல் தஞ்சாவூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் சேர்க்கப்பட்டுத் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோதுதான், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய பாக் விரிகுடாக் கரையூர்கள் குளத்தூரோடு ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. ஆகவே இச்சீமையில் மீனை ஊர் கூடிக் காத்த பழைய வரலாற்றைக் கடலில் தேடுவதற்கு முன் குளத்தில் தேடுவதே முறை.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தச் செம்மண் நிலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கிவைக்கும் குளங்களும் கண்மாய்களுமே வேளாண்மைக்கு உயிராக இருந்தன. குளத்தின் உட்புறத்தில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் இரட்டைக் கல்தூண்களை இன்றும் பல ஊர்களில் காணலாம். குமிழித் தூம்பு எனப்படும் இம்மடையில், தூண்களுக்கு அடியிலுள்ள கல்தொட்டியின் மேல்துளை வழியாகத் தெளிந்த நீரும், கீழ்த்துளைகள் வழியாக வண்டலும் வெளியேறின. முன்னதை நீரோடி என்றும் பின்னதைச் சேறோடி என்றும் அழைத்தனர். எனினும் சேறோடியால் மட்டும் குளம் தூர்ந்துபோவதைத் தடுக்க முடியாது என்பதால், ஆண்டுதோறும் குளத்தைக் கல்லிக் கரையை உயர்த்த ஆளும் பொருளும் வேண்டியிருந்தன.

அப்பொருளுக்கு வழி செய்தவற்றுள் ஒன்று பாசிப்பாட்டம். நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட குத்தகைத் தொகையையே கல்வெட்டுகள் இச்சொல்லால் குறிக்கின்றன. இவ்வருவாயைக் குளத்தின் பராமரிப்புக்கே ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. மீன் தந்த காசு மீன் வாழும் நீருக்கே திரும்பிய இந்த ஏற்பாட்டில், குளம் தூர்ந்தால் மீன் குறையும், மீன் குறைந்தால் தூர்வாரும் பொருளும் குறையும் என்ற கணக்கு எல்லோருக்கும் கண்கூடாக இருந்தது. உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியம், அதாவது ஏரியைப் பேணுவதற்கென ஊர்ச்சபை குடவோலையால் தேர்ந்த குழு, இதே பொறுப்புணர்வின் மற்றொரு வடிவமாகும்.

கல்வெட்டில் இடம்பெறாத கட்டுப்பாடுதான் இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. மழைக்காலத்தில் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி இனம் பெருக்கும் மீன்களுக்கு ஊர் அவகாசம் தந்தது. பயிருக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்து, கோடையில் குளம் முழங்காலளவுக்கு வற்றிய பிறகே பொது மீன்பிடிப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. குறித்த நாளில் சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே மக்கள் இறங்கினர். அதற்கு முன் எவரும் நீரில் கால் வைப்பதில்லை. அடியில் அகன்று மேலே குறுகிய ஊத்தா என்னும் கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு விரால், கெளுத்தி, கெண்டை, குரவை முதலியவற்றை எடுத்தனர். அக்கம்பக்கத்து ஊரார்க்கும் இதில் இடம் இருந்தது. கலங்கிய நீரில் கையாலும் கூடையாலும் பிடிப்பதால் குளம் முற்றாகத் துடைக்கப்படுவதில்லை. வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்ல விராலும் குரவையும் எஞ்சிய சேற்றில் தாக்குப்பிடித்து அடுத்த மழைக்கு வித்தாகின.

சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டைத் திவானாக இருந்த காலத்தில் (1878–1894), அரசும் குடிகளும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறை ஒழிந்து பணத்தீர்வை வந்தது. உழவருக்கு அது நன்மையே என்றாலும், ஒவ்வொரு குளத்தின் விளைச்சலிலும் அரசுக்கு இருந்த நேரடிப் பங்கு அதனால் அறுந்தது என்பதையும் கருத வேண்டும். விடுதலைக்குப் பின் மீன் உரிமை ஏலத்துக்கு வந்தது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும், 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி கண்ட தூண்டுமுறை இனப்பெருக்கத்தால் எளிதில் கிடைக்கத் தொடங்கிய கட்லா, ரோகு குஞ்சுகளும் குளங்களை நிறைத்தன. மீன் பெருகியது, ஆனால் ஏலத்தொகை அந்தந்தக் குளத்துக்கே திரும்பும் என்ற உறுதி இல்லாமற்போனதுதான் பெரும் இழப்பு.

இதே மாவட்டத்தின் கடற்கரையில் காலக் கட்டுப்பாடு வேறு வழியில் உருவானது. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே மூண்ட மோதல்களுக்குப் பின், 1970களின் பிற்பகுதியில் பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கும் 4 நாள் நாட்டுப்படகுக்கும் என முறை வகுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலைச் சிறுதொழில் மீனவர்க்கு ஒதுக்கியது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய ஆண்டுத் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாக நீண்டது. குளத்தில் பெரியவரின் வெள்ளைத் துண்டு செய்த வேலையைக் கடலில் நாட்காட்டி செய்கிறது எனலாம். ஆனால் குளத்துக்குக் கரை உண்டு, உரியவர் யாவரும் அக்கரையில் ஒன்றாக நிற்பர். பாக் விரிகுடாவிலோ மறுகரையில் வேறொரு நாடு இருக்கிறது. தமிழக விசைப்படகுகளின் இழுவைமடியால் தங்கள் கடலடி அழிகிறது என்ற வட இலங்கை மீனவரின் முறையீடு நியாயமானது. இரு கரை மீனவரும் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் அமர்ந்து பேசியும் தீர்வு எட்டப்படவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது.

கடலடியைக் காக்கும் முயற்சி இக்கரையிலும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை, ஆவுளியா என மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. ஆவுளியா மேயும் கடற்புல் படுகைகளே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் இடம் என்பதால், அதைக் காப்பதும் மீன்பிடித் தொழிலைக் காப்பதும் வேறுவேறு வேலைகள் அல்ல. வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை, நட்டமானாலும் வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் இக்கரையில் உண்டு. அவர்களுக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் அளித்து வருகிறது.