வல்லாரையும் பிரம்மியும்: ஒரு பெயர்க்குழப்பத்தின் வரலாறு

பாறசாலையை அடுத்த எங்கள் ஊரில், பாட்டிக்கு மறதி மிகுந்த ஆண்டில், மாமா நெய்யாற்றின்கரைக் கடையொன்றில் பிரம்மி கேட்டு ஒரு கட்டு வாங்கிவந்தார். பிரம்மி என்பது வல்லாரையே என்று வடநாட்டு நூலொன்றின் மொழிபெயர்ப்பில் படித்திருந்தார். பாட்டி ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது வல்லாரை இல்லல்லா மக்களே" என்றார். மகனின் பெயரையே மறந்திருந்த பாட்டி சொன்னதுதான் சரி.

வடநாட்டின் பல பகுதிகளில் பிரம்மி எனப்படுவது வல்லாரை. கேரளத்தில் அப்பெயர் நீர்ப்பிரமிக்கு உரியது. வல்லாரையை மலையாளத்தில் முத்தில், குடங்ஙல் என்பர். வல்லாரை கொத்தமல்லியின் குடும்பம்; நீர்ப்பிரமி அதற்கு உறவே அன்று. முன்னதில் ஆசியாட்டிகோசைடு, பின்னதில் பாக்கோசைடு. (பாக்கோசைடுகளை 1960களில் பிரித்தறிந்தவர்கள் லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தார்.) அறிவை வளர்ப்பவையாகச் சரக சம்ஹிதை கூறும் நான்கு மூலிகைகளுள் ஒன்றான சங்கபுஷ்பியின் நிலை இன்னும் சிக்கலானது. கேரள வைத்தியருக்கு அது வேலியில் நீலமாய்ப் பூக்கும் சங்குபுஷ்பம். வடநாட்டாருக்குத் தரையில் படரும் வேறொரு செடி.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லையோரத் தமிழ் வீடுகளில் அடுக்களைச் சொல் தமிழாகவும் கடைச்சொல் மலையாளமாகவும் பிரிந்தன. மாமா மூன்றாவதாக ஓர் ஏட்டுச்சொல்லை நம்பினார்.

இக்குழப்பம் அகராதியோடு முடிவதன்று. நரம்புகள் வேதிப்பொருளால் பேசுகின்றன என்பதை 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு காட்டினார். அப்பொருள் அசிட்டைல்கொலின். அதை உருவாக்கும் நொதி அல்சைமர் நோயாளரின் மூளையில் குன்றியிருப்பது 1970களில் தெரிந்தது. எனவே, எஞ்சியதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க முனைந்தனர்: 1993இல் டாக்ரின், 1996இல் டோனெபெசில். இவை நினைவைச் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும். அணுக்களின் அழிவை நிறுத்தா. நீர்ப்பிரமியை நலமுள்ளோருக்குச் சில வாரங்கள் கொடுத்த ஆய்வுகள் சிலவற்றில் நினைவுகூரும் திறன் ஓரளவு கூடியது. அது மறதிநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அச்சிறு பயனையும் பெயர் ஒன்றென்பதால் வல்லாரைக்கு எழுதிவிட இயலாது. விளம்பரங்களோ அதைத்தான் செய்கின்றன.

பாட்டிக்கு மருத்துவர் டோனெபெசில் எழுதினார். மாமாவின் கட்டு மறுநாள் துவரன் ஆயிற்று. கசக்கிறதென்று பாட்டி ஒதுக்கிவிட்டார்.