உழவனின் மண்ணும் ஊரார் பணமும்

போரினால் மட்டுமே மக்கள் ஏதிலிகளாவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். காலடி மண் காற்றோடு போனதனால் ஏதிலிகளானோரும் வரலாற்றில் உளர். 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளிகளில் அது நிகழ்ந்தது.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் கோதுமையின் விலை ஏறியது. புல்லின் வேர்கள் பிணைத்து வைத்திருந்த நிலத்தை உழவு இயந்திரங்கள் புரட்டிப்போட்டன. போர் முடிந்து விலை வீழ்ந்தபோது, நட்டத்தை ஈடுகட்ட மேலும் நிலம் உழப்பட்டது. பின்னர் மழை பொய்த்தது. மண் புழுதியாய் எழுந்தது. 1934 மே மாதத்துப் புழுதி நியூயோர்க்கையும் கடந்து, அத்திலாந்திக் கடலிற் சென்ற கப்பல்களின்மேற் படிந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் சமவெளியிற் பகல் இரவாயிற்று. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்பர்.

அப்பத்தாண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் மக்கள் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறினர். கலிபோர்ணியாவை நாடி வந்த ஏழைகளை 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் மாநில எல்லையில் மறித்தனர். சொந்த நாட்டுக் குடிமக்களே, கையிற் காசில்லாத காரணத்தாற் திருப்பி அனுப்பப்பட்டனர். எல்லையில் நிற்பதென்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வேளையில் ஒரு வினா எழுந்தது. நிலம் உழவனுடையது, அதனைக் காக்கும் செலவைப் பொதுப்பணம் ஏன் ஏற்கவேண்டும்?

மண்ணியல் அறிஞர் ஹியூ ஹமண்ட் பென்னற் மண்ணரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று 1928 முதலே எச்சரித்து வந்தவர். ஒருவன் வயற்புழுதி அயலவன் வீட்டில் விழுகிறது. ஒருவன் சரிவிற் கழுவுண்ட மண் கீழுள்ள ஆற்றைத் தூர்க்கிறது. எனவே செலவு முழுவதையும் உழவன் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. முழுவதையும் அரசே ஏற்றாலோ, அவ்வேலையை உழவன் தன்னதாகக் கருதான். பங்குக் கிணற்றில் முறைவைத்து நீர் இறைத்த யாழ்ப்பாணத்து உழவருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

பென்னற்றின் தலைமையில் 1933இல் அமைந்த மண்ணரிப்புச் சேவை, விஸ்கொன்சின் மாநிலத்துக் கூன் கிறீக் என்னும் ஓடையின் பள்ளத்தாக்கில் இதனைச் செய்து காட்டியது. உழவர் அரசோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தனர். விதை, சுண்ணாம்பு, உரம், வேலிக்கம்பி ஆகியவற்றையும், வேலையற்றிருந்த இளைஞரைக் கொண்ட பணிப்படையின் உழைப்பையும் அரசு தந்தது. உழவர் தம் பங்காக, மேலிருந்து கீழாக உழுவதைக் கைவிட்டுச் சமவுயரக் கோட்டின் வழியே உழுதனர். புல்லும் தானியமும் மாறிமாறிப் பட்டைகளாக விதைத்தனர். செங்குத்தான மலைச்சரிவுகளில் மாடு மேய்ப்பதை நிறுத்தினர். வடுப்பட்ட அப்பள்ளத்தாக்கு மெல்லமெல்லத் தேறியது.

1935 ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1936 பெப்ரவரி 29இல் வந்த மற்றொரு சட்டம், மண்ணை வறிதாக்கும் பயிர்களைக் குறைத்து, மண்ணை வளப்படுத்தும் புல்லையும் அவரையினப் பயிர்களையும் வளர்ப்போருக்குப் பணம் வழங்கியது. அதன்வழிப் பிறந்த செலவுப் பங்கீட்டுத் திட்டம் அறுபது ஆண்டுகள் நீடித்தது. 1996இல் அதன் இடத்தைப் பிடித்த புதிய திட்டம், வரம்பு கட்டுதல், நீர்ப்பாசனத்தைச் சீராக்குதல் போன்ற பணிகளின் செலவில் பொதுவாக 75 வீதம் வரை ஏற்கிறது.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. பருத்திச் செய்கையைக் குறைப்பதற்காக 1933ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய பணம், தென்மாநிலங்களிற் பெரும்பாலும் நிலவுடைமையாளர் கையிலேயே தங்கியது. உழுவதற்கு நிலம் குறையவே, வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் கறுப்பினத்தார் பெருந்தொகையினர். செலவுப் பங்கீட்டிலும் இதே குறை உண்டு. தன் கால்பங்கைக் கட்ட வழியற்றவனுக்கு அரசின் முக்காற்பங்கும் எட்டாது. வறிய உழவருக்கும் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கும் 90 வீதம் வரை வழங்கவும், அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்கவும் வழிசெய்த விதிகள் பல்லாண்டுகள் கழிந்தே வந்தன.

மண்ணைக் காப்பது ஊர்க்கடன் என்பதைப் புழுதி அந்நாட்டுக்குக் கற்பித்தது. மண்ணுக்குரியவனைக் காத்தாற் போதாது, மண்ணில் உழைப்பவனையும் காக்கவேண்டும் என்பதை அந்நாடு தாமதித்தே கற்றது. நாளை நம் ஊர்களின் வரம்புகளும் வாய்க்கால்களும் திருத்தப்படும் காலம் வரும்போது, உதவிப்பணம் எவர் கைக்குச் செல்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.