வைக்கோலில் செய்த கொப்பி

தம்பலகாமத்தில் சூடடித்து முடிந்ததும் மாட்டுக்காரர் கொஞ்சம் வைக்கோலைக் கட்டிக்கொண்டு போவார். மிச்சத்தை வயலிலேயே கொளுத்துவார்கள். என் மாமாவுக்கு அது பொறுக்காது. "காசையெல்லோ எரிக்கிறாங்கள்" என்பார். இளமையில் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் ஏற்றிய லொறிக்காரர் அவர். கரையோரத் தெருவில் கிண்ணியா தொடங்கி ஆற்றுக்கு ஆறு பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருந்ததால் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றித்தான் போவாராம்.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை இலங்கையின் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி ஆகிய மூன்று ஆலைகளோடும் அவர் பெயர் சேர்ந்தே வரும். கடதாசி ஆலை 1950களின் நடுவில் ஓடத் தொடங்கியது. கனடாவும் சுவீடனும் ஊசியிலை மரத்தில் கூழ் எடுத்தன. அந்தக் காடு நமக்கேது? வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் அவித்தார்கள். அவிக்கக் கோஸ்டிக் சோடா வேண்டும், வெளுக்கக் குளோரீன் வேண்டும். இரண்டும் உப்பிலிருந்து பரந்தனில் பிறந்தவை. உப்போ பக்கத்து ஆனையிறவில் விளைந்தது. உப்பளத்தையும் வயலையும் ஒரு கொப்பிக்குள் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டவர்களை இன்றைக்கும் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் வைக்கோலின் நார் குட்டை. தாள் கிழியாமல் இருக்க, நீள நாருள்ள மரக்கூழை வெளிநாட்டில் வாங்கிக் கலக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலையிடி சிலிக்கா. அவித்தபின் வடியும் கறுப்புத் திரவத்தைக் காய்ச்சி எரித்துச் சோடாவை மீட்பதில்தான் மரக்கூழ் ஆலைகளின் ஆதாயமே இருக்கிறது. வைக்கோல் திரவத்தைக் காய்ச்சினால் சிலிக்கா குழாய்களில் கல்லாய்ப் படியும். இதற்குமேல் உள்நாட்டுப் போரும் வந்தது, உற்பத்தி படுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கிய அரசு காகித நிறுவனம் கரும்புச் சக்கையைப் பிடித்துக்கொண்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்தே கொதிகலனை ஓட்டிவந்தன. அவர்களுக்கு நீராவியும் எரிபொருளும் கொடுத்துச் சக்கையை வாங்கி, 1984 முதல் கரூர் பக்கம் புகளூரில் தாள் செய்கிறார்கள். எங்கள் கந்தளாயிலும் சீனி ஆலை இருந்தது. அதுவும் மூடிப் பல காலம்.

2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் கடதாசி இறக்க முடியாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. வாழைச்சேனை ஆலையைப் போருக்குப் பிறகு பழைய கடதாசியைக் கொண்டு சிறிதாகத் திறந்தார்கள். நல்லது, ஆனால் போதாது. கந்தளாயில் மறுபடி கரும்பு நடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சக்கைக்கும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு பேசட்டும்.